பழைய பீரோ விற்கப் போய் 28,500 ரூபாய் போச்சு. தயவுசெய்து படியுங்கள்

நேற்று முன்தினம் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வீடு மாறுகிறோம். புது வீடு மாடியில், படி குறுகல். அம்மா சீராகக் கொடுத்த கண்ணாடி பீரோ ஏறாது. பழைய சாமான் விற்கிற ஒரு ஆப்பில் படம் போட்டேன், விலை 9,500. பத்தே நிமிடத்தில் ஒருவன் கூப்பிட்டான். ராணுவத்தில் இருக்கிறானாம், மாற்றலாகி இந்த ஊருக்கு வருகிறானாம். அடையாள அட்டைப் படம் வேறு வாட்ஸ்அப்பில் வந்தது. "சரிங்க்கா, நாளைக்கு டெம்போ அனுப்பறேன், பணம் இப்பவே போட்டுடறேன்." பேரமே பேசவில்லை. பழைய பீரோவைச் சொன்ன விலைக்கு எவன் வாங்குவான்? அது அப்போது உறைக்கவில்லை.

ராணுவக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போட முடியாதாம். நாம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பி வருமாம். "ஒரு ரூபாய்க்குப் பாருங்கக்கா" என்று க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். ஒரு ரூபாய் போனது, உடனே இரண்டு ரூபாய் வந்தது. அந்த இரண்டு ரூபாயில்தான் விழுந்தேன்.

அடுத்த கோடு 9,500க்கு. திரையில் யாரோ ஒரு ட்ரேடர்ஸ் பெயர், கீழே நீலப் பட்டனில் 'செலுத்து' என்றுதான் இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். 19,000 வரவில்லை. "சர்வர் சிக்கிடுச்சுக்கா, இன்னொரு தடவை போடுங்க, மொத்தமா வந்துடும்." அடுப்பில் பால் பொங்குகிறது, காதில் அவன் விடாமல் பேசுகிறான். மறுபடி போட்டேன். அப்புறம் மூன்றாவது தடவையும். மொத்தம் 28,500. வீட்டு அட்வான்ஸுக்கு எடுத்து வைத்த பணம்.

"24 மணி நேரத்துல வந்துடும்" என்றான். அதையும் நம்பி ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம். காலையில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்தபோது, நேற்றே சொல்லியிருந்தால் பணத்தை முடக்கப் பார்த்திருக்கலாம், இப்போது வேறு வேறு கணக்குக்குப் போய்விட்டது என்றார்கள்.

வங்கிக்குப் போனால் அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பின் நம்பரை நீங்கதானேம்மா போட்டீங்க? படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?" ஆப்காரர்களிடமிருந்து 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்று தானாக வருகிற பதில். நான் புகார் கொடுத்ததும் அவன் கணக்கை எடுத்துவிட்டார்கள், அதோடு அவன் அங்கே அனுப்பிய செய்திகளும் மாயம். இப்போது ஸ்டேஷனில் ஆதாரம் கேட்கிறார்கள்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் மனதில் வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் போகிறது என்று அர்த்தம். புகார் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930க்கு அடியுங்கள்.

மூன்று மணிக்கு வங்கி ஸ்டேட்மென்டுடன் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரின்ட் எடுக்கப் போகிறேன்.