தேவனாம்பட்டினத்துக் கோட்டை: கட்டுவதா, காட்டுவதா, விட்டுவைப்பதா?

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று பேர் சண்டை போட்டோம். பாகப்பிரிவினை அல்ல, 1758-இல் இடிக்கப்பட்ட ஒரு கோட்டையைப் பற்றி. மச்சான் முத்தியால்பேட்டைக்காரர், கட்டட ஒப்பந்ததாரர். நண்பர் ஒருவர் சுற்றுலா வேன் வைத்திருக்கிறார். நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தந்து ஓய்வு பெற்றவன். ஆளுக்கொரு யோசனை. அரசு எங்களிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும், சில்வர் பீச்சுக்குப் போகும் எந்தக் குடும்பத்திலும் இந்த வாதம் ஒரு நாள் வராமல் போகாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம். கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690-இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குப் போயின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் அந்தச் சூட்டின் மிச்சம் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமே இதுதான். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே படை அனுப்பிப் பார்த்தார், கோட்டை விழவில்லை. 1758 ஜூன் 2-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் விழுந்தது. அவர் அதை இடித்துத் தள்ளினார்.

மச்சானின் யோசனை: திரும்பக் கட்டிவிடுவது. அவர் கையில் இருந்த துருப்புச்சீட்டு புதுச்சேரி மேரி கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துபோனது. பழைய தோற்றத்திலேயே திரும்ப எழுப்பி 2021-இல் திறந்தார்கள். “இன்று கடற்கரைச் சாலையில் நடக்கிற வெளியூர்க்காரர் யாருக்காவது அது புதுசு என்று தெரிகிறதா?” என்றார். தெரியவில்லைதான். ஆனால் எனக்கு உறுத்துவதே அதுதான். மேரி விழுந்தபோது அதைக் கண்ணால் பார்த்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். புகைப்படங்கள் இருந்தன. அது ஊருக்குப் பழகிய கட்டடம். விழுந்தது பராமரிப்பில்லாத ஒரு விபத்து. விபத்தைச் சரிசெய்வதில் தப்பில்லை.

தேவனாம்பட்டினத்தில் நடந்தது விபத்தா? அந்த இடிப்புதான் அங்கே நடந்த நிகழ்ச்சியே. ஆங்கிலேயரின் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்ததும் ஆங்கிலேயர் அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் இருபது கிலோமீட்டர். ஒன்றின் இடிபாட்டைப் பார்த்தால்தான் மற்றதன் கதை புரியும். இங்கே மதிலை எழுப்பிச் சுண்ணாம்பு அடித்துவிட்டால், லாலி வந்துபோன தடயத்தை நாமே துடைத்தவர்கள் ஆவோம்.

சரி, கட்டுவதென்றே வைத்துக்கொள்வோம். எந்த ஆண்டுக் கோட்டையை? 1690-இல் வாங்கியது சின்னது. பிறகு கூட்டியும் மாற்றியும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பீரங்கிக் கணக்கில் அன்றைய ஐரோப்பாவிலேயே பேர்போன பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணிதரைக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய வரவழைத்தது. அவர் 1751-இல் இங்கேயே காலமானார். குண்டு பாயும் தூரத்தை வைத்து எல்லை போட்ட ஊரில், குண்டு பாயும் கணக்கை எழுதியவர் வந்து கண்மூடியிருக்கிறார்! இதைச் சொன்னதும் மச்சான்கூட ஒரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. பிறகு, “தரங்கம்பாடியை மட்டும் சீர்செய்யவில்லையா?” என்றார். செய்தார்கள். ஆனால் 1620-இல் டேனியர் கட்டிய அந்தக் கோட்டை நின்றுகொண்டிருந்த கோட்டை. நிற்பதைத் தாங்குவது ஒரு வேலை, இல்லாததை ஊகித்துக் கட்டுவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே கொத்தனார் வரலாம், ஒரே நியாயம் வராது.

வேன் நண்பருக்குக் கோட்டையைவிடக் கூட்டம் முக்கியம். ஆற்றங்கரையில் கண்ணாடி வைத்த ஓர் அருங்காட்சியகம், பக்கத்தில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம், கீழே சாப்பாட்டுக் கடைகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகளோடு வருபவருக்கு இடிந்த செங்கல்லைக் காட்டி எவ்வளவு நேரம் கதை சொல்வது என்று அவர் கேட்டதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் இதே ஆசையில் மற்ற ஊர்க்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், 1863 போரில் வடபகுதிப் படை அணிவகுத்து நின்ற மேட்டின் மேலேயே ஒரு கட்டடத்தை எழுப்பி 1962-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் ரிச்சர்ட் நியூட்ரா, சாதாரண ஆள் அல்ல. போர்க்களத்தைக் காட்ட வந்த கட்டடமே போர்க்களத்தை மறைத்தது. வழக்கு, வாய்தா எல்லாம் முடிந்து 2013-இல் அதை இடித்தார்கள். அதே ஊரில் 307 அடி உயரத்துக்குத் தனியார் ஒருவர் எழுப்பிய பார்வைக் கோபுரத்தை அதற்கு முன்பே, 2000 ஜூலை 3-ஆம் தேதி, வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். புதிய பார்வையாளர் மையத்தைப் போர் அணிகளிலிருந்து தள்ளி வைத்து 2008-இல் திறந்தார்கள். பெல்ஜியத்தின் வாட்டர்லூ இன்னும் மோசம். 1826-இல் முடிந்த சிங்க மேட்டுக்கு வேண்டிய மண்ணைப் போர்க்களத்திலிருந்தே வெட்டி எடுத்ததால், நெப்போலியனை எதிர்த்து வெலிங்டனின் படை நின்ற மேடு தணிந்துபோனது. 2015-இல் அங்கே அருங்காட்சியகம் கட்டியபோது புத்தி வந்து தரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். தேவனாம்பட்டினத்தில் தரைக்குக் கீழே போனால் தண்ணீர்தான் வரும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம்: கெடிலம் முகத்துவாரம் எதையும் விட்டுவைக்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகளும் கரையில் நினைத்தபடி கட்ட விடாது. வலை காயவைக்கவும் படகு ஏற்றவும் மீனவர்களுக்கு மணல் வேண்டும். அந்த மணலில் கார் நிறுத்துமிடம் போட்டால் முதல் நாளே தகராறு.

என் யோசனைக்கு மாடியில் ஓட்டு விழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடிபாட்டை இடிபாடாகவே தாங்கிப் பிடிப்பது. கேட்பவர்களுக்கு இது “ஒன்றும் செய்யாதே” என்பதுபோல இருக்கிறது. உண்மையில் மூன்றிலும் நுணுக்கம் அதிகம் இதில்தான். அங்கே நிற்கும் சுவர்களில் எது லாலிக்கு முந்தியது, எது பிற்பாடு கட்டியது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பிரிக்காமல் எல்லாவற்றையும் “கிளைவ் கோட்டை” என்று பலகை எழுதுவது பொய். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் செங்கல்லும் கூடவே வரும். வெட்டி, வேரை மெல்லப் பட்டுப்போக வைக்க வேண்டும். இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் ஓதம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல் மாவாகக் கொட்டும். சுண்ணாம்புக் காரைதான் கடற்கரைக்கு ஒத்துவரும். அந்தக் கை தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு வேலி, உட்காரத் திண்ணை, தமிழில் ஒழுங்காக எழுதிய நான்கு பலகை. இவ்வளவுதான் கோட்டைக்குள்.

கதை சொல்ல அறை வேண்டாமா? வேண்டும், ஊருக்குள். மஞ்சக்குப்பத்தில் ஏற்கெனவே நிற்கும் பழைய அரசுக் கட்டடங்களில் இரண்டு அறை போதும். அங்கே வைத்தால்தான் 1783-ஐயும் சேர்த்துச் சொல்ல முடியும். அந்த ஆண்டு ஜூனில் கடலூரைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை எதிர்த்து ஜெனரல் ஸ்டூவர்ட் படை மோதியது நகரத்துக்குத் தெற்கே, வண்டிப்பாளையம் மேட்டுப் பக்கம். ஜூன் 20-இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சப்ரேனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இதில் கொடுமை, ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்திதான் வந்து சேரவில்லை. ஆற்றங்கரையில் கண்ணாடி மாளிகை கட்டினால் இந்தப் பாதிக் கதைக்கு இடமே கிடையாது.

செலவில் மூன்றையும் ஒப்பிடச் சொன்னார் மச்சான். தொகை சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் வரிசை தெரியும்: கோட்டை கட்டினால் ஒரே தடவை பெரும் பணம், பிறகு அதையும் உப்புக்காற்று தின்னும். அருங்காட்சியகத்துக்கு மாதந்தோறும் மின்சாரமும் ஆட்களும். என் யோசனைக்குத் தொகை சின்னது, ஆனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் யாராவது போய்ச் சுவரைப் பார்த்தாக வேண்டும். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் இதில்தான் எனக்கே சந்தேகம். முதல் ஆண்டு செய்வார்கள், ஐந்தாம் ஆண்டு?

தேவனாம்பட்டினத்துச் சித்தப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில், “தம்பி, வருகிற பெண்பிள்ளைகள் எங்கே போய் ஒதுங்குவார்கள்?” என்றார். மூன்று பேருமே அதை யோசிக்கவில்லை. கழிப்பறை கடற்கரைச் சாலையோரம்தான், கோட்டை எல்லைக்கு வெளியே, என்று நான் உடனே சொன்னேன். அந்த ஒன்றில் மட்டும் மச்சானும் வேன் நண்பரும் என் பக்கம்.