காசநோய்க் கிருமியின் தடம் பிடிக்க எந்தத் தரவுத்தளம்: குறியீடா, முழு வரிசையா, பட்டியலா?

ஒரு நோயாளியிடம் எடுத்த காசநோய்க் கிருமியும், வேறொரு நாட்டு நோயாளியிடம் எடுத்த கிருமியும் ஒரே பரவல் சங்கிலியைச் சேர்ந்தவையா? எக்ஸ்ரேயோ சளிப் பரிசோதனையோ இதைச் சொல்லாது. இரு கிருமிகளின் மரபணுவையும் ஒப்பிட வேண்டும், அதற்கு இரண்டும் ஒரு பொது இடத்தில் கிடைக்க வேண்டும். இப்போது அப்படிப்பட்ட இடங்கள் மூன்று வகை.

பழையது குறியீட்டுத் தளம். 1997-ல் அறிமுகமான ஸ்பாலிகோடைப்பிங் முறை, கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட 43 துண்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். முடிவு, 43 ‘உண்டு’, ‘இல்லை’களால் ஆன ஒரே வரி. மலிவு, எளிது, எந்த ஆய்வகமும் அனுப்பலாம். கரீபியன் தீவான குவாதலூப்பில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் சிட்விட் தளம் உலகெங்கிலுமிருந்து இப்படித்தான் வரிகளைச் சேர்த்தது. காசநோய்க் கிருமியின் எந்தக் கிளை (உறவான கிருமிகளின் குடும்பம்) எந்தப் பகுதியில் அதிகம் என்ற உலக வரைபடம் உருவானதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் சங்கிலியைத் தேடும்போது இது கைவிடும். பெய்ஜிங் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் 34 துண்டுகள் இருக்காது, கடைசி ஒன்பது இருக்கும். கிழக்கு ஆசியாவில் எடுத்தாலும் முன்னாள் சோவியத் நாடுகளில் எடுத்தாலும் பெரும்பாலும் அதே வரிதான். வரி ஒன்றாக இருப்பதை வைத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். 24 இடங்களில் ஒரு தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணும் மிரு-விஎன்டிஆர் முறை கொஞ்சம் கூர்மையானது. அதற்கும் தனித் தளம் உண்டு. ஆனாலும் அது பார்ப்பது மொத்த மரபணுத் தொகுதியில் ஒரு சிறு பகுதியைத்தான்.

அடுத்தது முழு வரிசை. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் உள்ள 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளும் முதன்முறையாக வெளிவந்தது 1998-ல். இன்று ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களின் திறந்த காப்பகங்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றில் ஏற்றினால் மூன்றிலும் கிடைக்கும். இந்தக் கிருமி மெதுவாக மாறுவது: சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து. அதனால் வித்தியாசத்தை எண்ணினாலே உறவின் நெருக்கம் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் நடந்த ஆய்வை ஒட்டி 2013 முதல் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல் இது: ஐந்து அல்லது அதற்குக் குறைவான வித்தியாசம் என்றால் அண்மைப் பரவலாக இருக்கலாம், 12-க்கு மேல் என்றால் அநேகமாக இல்லை.

2016-ல் ஐரோப்பாவில் இதன் பலன் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்த புலம்பெயர்ந்தோரிடம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் தென்பட்டது. வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் வரிசைகளை ஒப்பிட்டபோது, 29 பேர் ஒரே கொத்தில் வந்தார்கள். அப்புறம் நோயாளிகளிடம் பேசியபோதுதான் லிபியாவின் பானி வாலித் என்ற இடைத்தங்கல் இடம் வெளிப்பட்டது. எழுத்துகள் ‘இவர்கள் தொடர்புடையவர்கள்’ என்றன. எங்கே என்பதை மனிதர்கள்தான் சொன்னார்கள். என் பெரிய ஆதங்கமும் இதுதான். திறந்த காப்பகங்களில் ஆண்டு, நாடு, மருந்துப் பரிசோதனை முடிவு எதுவும் இல்லாமல் கிடக்கும் வரிசைகள் ஏராளம். அப்படிப்பட்ட வரிசையைத் தடம் பிடிக்கப் பயன்படுத்துவது மிகக் கடினம்.

மூன்றாவது, உலக சுகாதார நிறுவனத்தின் மரபணு மாற்றப் பட்டியல். எந்த எழுத்து மாற்றம் எந்த மருந்தைப் பயனற்றதாக்கும் என்று சொல்வது. 2021-ன் முதல் பதிப்புக்கு 38,000-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகள் அடிப்படை; 2023 பதிப்புக்கு 52,000-க்கும் மேல். மருத்துவருக்கு உடனே உதவுவது இதுதான். தடம் பிடிக்க உதவாது, அதற்காக உருவானதும் அல்ல. ஆனால் பல நாடுகள் வரிசைகளைப் பகிராமல் இந்தப் பட்டியலே வந்திருக்காது.

சரி, ஓர் ஆய்வகம் ஒன்றைத்தான் பகிர முடியும் என்றால்? தயக்கமில்லாமல் முழு வரிசை, அதுவும் வரிசைப்படுத்தும் கருவி தந்த மூலத் தரவாகவே. முழு வரிசையிலிருந்து 43 துண்டுக் குறியீட்டைக் கணினியிலேயே எடுத்துவிடலாம். குறியீட்டிலிருந்து வரிசையை எடுக்க முடியாது. பழைய தரவை மீண்டும் படிக்கவும் முடியும். ஆப்பிரிக்க நாடான எஸ்வாட்டினியில் பரவிய ஒரு வகைக் கிருமியில் ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கு எதிரான மாற்றம், வழக்கமான விரைவுப் பரிசோதனை பார்க்கும் 81 எழுத்துப் பகுதிக்கு வெளியே இருந்தது. பரிசோதனை அதைத் தவறவிட்டது. முழு வரிசை கையில் இருந்தால் அந்த மாற்றத்தைப் பழைய மாதிரிகளிலும் தேடலாம்.

தரவைக் கொடுத்தால் வேறொருவர் முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவார் என்ற பயம் சிறிய ஆய்வகங்களுக்கு உண்டு, நியாயமானதும்கூட. 2008-ல் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபணுத் தரவைப் பகிரத் தொடங்கிய கிசெய்ட் தளத்தில் பதிவு செய்துதான் நுழைய முடியும், தரவு தந்தவருக்கு உரிய பெயரும் தர வேண்டும். காசநோய்க்கும் இந்தப் பெயர் தரும் நிபந்தனை தேவை, பூட்டு தேவையில்லை. ஏற்றுவதற்கு முன், தரவில் கலந்திருக்கும் நோயாளியின் சொந்த மரபணுத் துணுக்குகளை நீக்கிவிட வேண்டும், இதில் சமரசம் கூடாது.

வரிசைப்படுத்தும் கருவி இல்லாத ஆய்வகங்கள் குறியீட்டையாவது அனுப்பட்டும். கூடவே அந்தக் கிருமி மாதிரியை உறைநிலையில் பத்திரமாக வைத்திருக்கட்டும், கருவி வரும் நாளில் அதிலிருந்தே முழு வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம்.