ஒட்டாகோவா தாய்சியா? வயசானவங்களுக்கு எந்த பேலன்ஸ் பயிற்சி

அம்மாவ அப்பாவ எந்த பேலன்ஸ் கிளாஸ்ல சேர்க்கலாம்னு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், எதையும் புடிக்காம நின்னபடியே ஒரு சட்டைய மாட்டிக்க அவங்களால முடியுதா?

முடியும்னா என் ஓட்டு தாய்சிக்குத்தான், அது சீனாவுல இருந்து வந்த, மெதுவா அசைஞ்சு பண்ற பயிற்சி. மெதுவா ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு உடம்பு பாரத்த மாத்துறதுதான் அதுல முழு வேலையே, நாம தடுமாறுறதும் சரியா அந்த இடத்துலதான். அமெரிக்காவுல 70 வயசு தாண்டின 670 பேர வச்சு பண்ண ஆய்வு 2018ல வந்துச்சு, வாரம் 2 தடவ ஒரு மணி நேரம்னு 24 வாரம் தாய்சி பண்ணவங்க, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்கள விட 58% கம்மியா விழுந்திருக்காங்க. ஆனா எல்லா தாய்சி கிளாஸும் அப்படி இருக்காது, அது பேலன்ஸுக்குன்னே மாத்தி அமைச்ச முறை, எல்லா வகை தாய்சி ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தா விழுறது கிட்டத்தட்ட 20%தான் குறையுது. அதுவே பேலன்ஸோட கால் வலுவுக்கான பயிற்சியும் சேர்த்துப் பண்ணா கிட்டத்தட்ட 34% குறையுது.

அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் நியூசிலாந்துல உருவான ஒட்டாகோ. கணுக்கால்ல வெயிட் கட்டி வாரம் 3 நாள் அரை மணி நேரம், அதோட நடை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்கொடுப்பாங்க, அதனால நின்னபடி சட்டை மாட்ட முடியாதவங்க, 80 தாண்டினவங்க, வெளிய போக முடியாதவங்களுக்கு இதத்தான் சொல்வேன். கஷ்டம் என்னன்னா தனியா பண்ணணும், ரெண்டு மாசத்துல விட்டுடுவாங்க, கூட ஒருத்தர் நின்னு பண்ண வைக்கணும் (பேரப்புள்ளைங்க இருந்தா அவங்கள கூட நிக்கச் சொல்லுங்க, தாத்தா பாட்டி மறுக்க மாட்டாங்க).

ஆஸ்திரேலியாவோட ஸ்டெப்பிங் ஆன் வேற ரகம், வாரம் 2 மணி நேரம், 7 வாரம், பயிற்சியோட செருப்பு, கண்ணு, மாத்திரை, வீட்டுல தடுக்குற இடம்னு எல்லாத்தையும் பேசுவாங்க. ஒரு தடவ விழுந்து பயந்துபோய் உக்காந்தே இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி நாலு பேரோட பேசுற குரூப்தான் முதல்ல வேணும், ஏன்னா உக்காந்தே இருந்தா கால் இன்னும் வலுவிழந்துடும்.

வெறும் வாக்கிங், நாற்காலியில உக்காந்தே பண்ற கிளாஸ் ரெண்டும் உடம்புக்கு நல்லதுதான், ஆனா விழாம இருக்க அது மட்டும் பத்தாது. தலைசுத்தி விழுந்தவங்கன்னா முதல்ல டாக்டர், அப்புறம்தான் கிளாஸ். பயிற்சிய நிறுத்தினா பலனும் மெல்லப் போயிடும், அதனால 7 வாரத்துல முடியுற கிளாஸ்னா அதுக்கப்புறம் எங்க தொடரலாம்னு சேர்ற அன்னிக்கே கேட்டு வச்சுக்கங்க.