தார்ல இருந்து வர்ற கார்பன் பைபரா, அக்ரிலிக்ல இருந்து வர்றதா, நம்ம பழைய கண்ணாடி பைபரா, வள்ளத்துக்கும் காத்தாடிக்கும் எது சரி?

நிலக்கரிக் கழிவுல இருந்து கார்பன் பைபர், அதாவது மெல்லிசான பலமான கரி நூல், எடுக்கலாம்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க தூத்துக்குடி அனல் மின் நிலையத்த நினைச்சுக்கிடுறாங்க. அங்க மிஞ்சுறது சாம்பல், அது சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போவும், அதுல இருந்து ஒரு நூலும் வராது. பைபருக்கு வேண்டியது இரும்பு ஆலையில நிலக்கரிய காத்து இல்லாம சுட்டு கோக் ஆக்கும்போது வடியுற தார், ஒரு டன் கரிக்கு கிட்டத்தட்ட 30, 40 கிலோ கிடைக்கும், அத காய்ச்சி வடிச்சா பாதி பிட்ச்சா, அதாவது கெட்டியான கருப்பு பிசினா, அடியில நிக்கும்.

இப்போ சந்தையில ஓடுற கார்பன் பைபர்ல 90 சதவீதத்துக்கு மேல பான், அதாவது அக்ரிலிக் நூல கருக்கி எடுத்தது. அதுல எடை பாதிக்கு பாதி கருகி போயிரும், பிட்ச்ல அவ்வளவு போவாது, மூலப்பொருளும் மலிவு. அப்போ பைபரும் மலிவா இருக்கணும்லா? அங்கதான் மாட்டிக்கிடுது. நல்ல பைபர் வேணும்னா பிட்ச்ல கெடக்குற தூசி துகள் எல்லாம் எடுத்து, மூலக்கூறு எல்லாம் ஒரே பக்கமா படுக்குற மீசோபேஸ் நிலைக்கு கொண்டு வந்து, நூலா இழுத்து, கடைசியில 2500 டிகிரிக்கு மேல சுடணும், அந்த செலவுல தார்ல மிச்சம் பிடிச்ச காசு எல்லாம் கரைஞ்சிரும். சுத்தம் பாக்காம சாதா பிட்ச்ல இழுத்தா விலை குறையும், ஆனா பலமும் குறைவுதான், உலை காப்புக்கும் கான்கிரீட்ல கலக்கவும் ஆவும்.

ஆனா மீசோபேஸ் பைபர் விறைப்புல ராஜா. விறைப்ப அளக்குற கிகாபாஸ்கல் கணக்குல சாதாரண பான் 230, இதுல உசந்த ரகம் 900 தாண்டும், சூட்ட கடத்துறதுல செம்ப விட ரெண்டு மடங்கு. வெயில்லயும் குளிர்லயும் அளவு மாறாம நிக்கணும்ங்கிற செயற்கைக்கோளுக்கு இதத்தான் தேடுவாங்க.

சரி, குளச்சல் வள்ளத்துக்கு? என் ஓட்டு கண்ணாடி பைபருக்குத்தான். மீசோபேஸ் அரை சதவீதம் இழுபட முன்னாடியே அத்துரும், பான் ஒண்ணரை ரெண்டு வரை தாங்கும், கண்ணாடி நாலுக்கு மேல. அலையில ஏறி கரை மண்ணுல இடிச்சு நிக்குற வள்ளத்துக்கு விறைப்பு எதுக்கு, வளைஞ்சு கொடுக்கணும். போதாததுக்கு கார்பன் கரண்ட் கடத்தும், உப்புத்தண்ணியில அலுமினியத்த அதோட ஒட்ட வச்சா அலுமினியம் அரிச்சு போவும். விலைய பத்தி பேசவே வேண்டாம்.

முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடி கதை வேற. பழைய சின்ன றெக்கைக்கு கண்ணாடியே போதும், இப்போ வர்ற அம்பது அறுபது மீட்டர் றெக்கைக்குள்ள நெட்டுக்கு ஓடுற தண்டுல கார்பன் வைக்கிறாங்க, எடை குறையும், ஆனா இடி விழுந்தா கார்பனுக்குள்ள பாயாம தனி ஏற்பாடு வேணும். அங்கயும் பான்தான், பலமும் வேணும் விலையும் கட்டுப்படணும்லா. ஒரு கிலோ தார் பைபர் பான் விலைக்கு, பான் பலத்தோட கிடைக்குற அன்னைக்கு காத்தாடிக்காரங்க தானா மாறுவாங்க, வள்ளக்காரங்க அப்பவும் மாற மாட்டாங்க.