வால்பாறை: பொள்ளாச்சியிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் அலுத்துப்போய், இந்தத் தடவை வால்பாறை போகலாமா என்று கேட்கும் வெளிநாட்டுவாழ் நம்மவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம், பயணிகளுக்கான வசதிகள் குறைவு என்பதுதான். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வேலை மேலே போனதும் இழுபறியாகும்.

முதலில் மாதம். ஐரோப்பா, கனடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்; வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மூடுபனியில் பத்தடி தெரியாது, காலில் அட்டை ஏறும். அந்த மாதங்களை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் அட்டைக் காலுறை எடுத்துக்கொண்டு போகலாம். முடிந்தால் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போவது நல்லது.

சொந்த வண்டி, வாடகைக் கார் எதுவானாலும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் (இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச்சீட்டு) கட்டாயம். கட்டணம் இல்லை. வெளிநாட்டுக் கைபேசி எண் மட்டும் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதியலாம். பாஸில் வண்டி எண் இருக்கும், இங்கேதான் சிக்கல். டாக்ஸிக்காரர் கடைசி நேரத்தில் வேறு கார் அனுப்பினால் பாஸ் பொருந்தாது. முந்தின இரவே வண்டி எண்ணை உறுதிசெய்துகொண்டு பிறகு பதியுங்கள். பொள்ளாச்சியிலிருந்து போகும் அரசுப் பேருந்தில் ஏறினால் இந்தத் தொல்லையே இல்லை. மலையடிவாரத்து ஆழியாறு சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தூக்கி எறியும் பிளாஸ்டிக், மது பாட்டில் வேண்டாம்.

கூட வருபவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் என்றால், அறை பதிவுசெய்யும்போதே சொல்லிவிடுங்கள். விடுதி அவருடைய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் ஏற்ற வேண்டும்; ‘சி ஃபார்ம்’ என்பார்கள். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரருக்கும் இது உண்டு. சிறிய ஹோம்ஸ்டேக்களில் பலருக்கு இந்தப் பழக்கமில்லை. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு, வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ‘ரூம் இல்லைங்க’ என்று கைவிரிக்கும் இடங்களும் இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

பணத்தைக் கோவையிலோ பொள்ளாச்சியிலோ எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில்கூட ஜிபே ஓடும், ஆனால் வெளிநாட்டுக் கார்டு அங்கே செல்லாது.

மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் பலகை உண்டு. வாந்தி வரும் என்பவர்கள் மாத்திரையை ஆழியாறில் போட்டால் பலனில்லை. பொள்ளாச்சி இட்லிக் கடையிலேயே போட்டு, முன் சீட்டில் உட்காரட்டும். இறங்கும்போது டிரைவர் டாப் கியரில் பிரேக்கை மட்டும் நம்பினால் கருகல் வாசனை வரும். உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒன்பதாம் வளைவுக் காட்சிமுனைப் பக்கம் தடுப்புச்சுவர் மேலேயே வரையாடு நிற்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள்.

வால்பாறையின் உண்மையான விஷயம் ஊருக்கு முன்னால், புதுத்தோட்டத்தில் இருக்கிறது. தேயிலை, காப்பிக்கு நடுவே மிஞ்சிய சோலைத் துண்டில் சிங்கவால் குரங்குகள். சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். காலையில் காரை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்காமல் காத்திருங்கள். இருவர் இருந்தால் ஒருவர் கிளைகளைப் பார்க்கட்டும், இன்னொருவர் தேயிலைப் பக்கம் கண் வைக்கட்டும். காட்டுமாடு சத்தமில்லாமல் பத்து மீட்டரில் வந்து நிற்கும். எஸ்டேட் சாலைகள் தனியார் இடம், கேட்டில் கேட்காமல் நுழையக் கூடாது. அந்தி சாய்ந்தபின் நடை கூடாது, சிறுத்தை இருக்கிறது.

யானை நடமாட்டத்தை எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் கம்பங்களில் உண்டு. எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாலையில் யானை நின்றால் எல்லா வண்டியும் நிற்கும், நீங்களும் நில்லுங்கள். 2025 பிப்ரவரியில் ஒரு ஜெர்மானியப் பயணி அப்படி நிற்காமல் பைக்கில் கடக்கப் போய்த்தான் உயிரிழந்தார்.

வனத்துறை சஃபாரி என்று கேட்டால் அது டாப்சிலிப் என்ற வேறு இடம்; சேத்துமடை வழியாகப் போகும் வேறு பாதை. வால்பாறையிலிருந்து போவதென்றாலும் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கித்தான் ஏற வேண்டும், அதற்குத் தனி நாள் வையுங்கள்.

பெரிய சிகிச்சை என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் இறங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஏறுங்கள். மண் சரிந்தால் பாதை அடைத்துவிடும்.