இபப், கிண்டில், கோபோ: பூட்டு எங்கே இருக்கிறது?

மின்னூல் வாங்குபவர்கள் பலரும் கேட்பது "இபப் நல்லதா, கிண்டில் நல்லதா?" என்பதுதான். அது பாதிக் கேள்வி. இபப் என்பது பல கடைகளுக்கும் பொதுவான மின்னூல் வடிவம், கிண்டில் அமேசானுடையது. கோப்பின் வடிவம் ஒன்று, நகலெடுப்பதைத் தடுக்க அதன்மேல் போடும் டிஆர்எம் பூட்டு வேறொன்று. ஆப்பிள் புக்ஸ் விற்பதும் இபப்தான், மின்னூல் கடையும் ரீடர் கருவியும் நடத்தும் கோபோ விற்பதும் இபப்தான். ஆனால் ஆப்பிளின் ஃபேர்பிளே பூட்டு போட்ட நூல் ஆப்பிள் கருவிகளைத் தாண்டித் திறக்காது. கோபோவில் வாங்கியதை வேறு நிறுவனத்தின் ரீடரிலும் படிக்க வழியுண்டு. எனவே முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான்.

பூட்டில்லாத இபப் ஒரு ஜிப் கோப்பு, அவ்வளவுதான். உள்ளே இணையப் பக்கம் போன்ற எக்ஸ்ஹெச்டிஎம்எல் பக்கங்கள், அவற்றின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், படங்கள், பொருளடக்கம் எல்லாம் இருக்கும். 2017 முதல் இந்தத் தரத்தைப் பராமரிப்பது இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி, 3.3 பதிப்பு 2023-ல் வந்தது. எந்தக் கடை மூடினாலும் இந்தக் கோப்பு திறக்கும். கடை மூடுவது வெறும் கற்பனை இல்லை: 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது, நூல்கள் போய்விட்டன.

கிண்டிலின் வடிவங்கள் மோபி, ஏஇசட்டபிள்யூ3, கேஎஃப்எக்ஸ் என்று மாறிக்கொண்டே வந்தவை. படிக்கும் வசதியில் குறை சொல்ல முடியாது. பிரச்சினை கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2009-ல் விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. 2025 பிப்ரவரி 26-ல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டது. பூட்டுள்ள நூலுக்குச் சொந்தமாகக் காப்பு எடுத்துவைக்கப் பலருக்கும் இருந்த எளிய வழி அதுதான்.

சொந்த இபப்பைக் கிண்டிலில் படிக்க முடியுமா? முடியும், ஆனால் நேராக இல்லை. யுஎஸ்பியில் அப்படியே நகலெடுத்தால் நூல் பட்டியலில் தெரியாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பை ஏற்று, தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. தமிழ் நூல்கள் அடிபடுவது இங்கேதான். பக்கக் கோப்பின் முதல் வரியில் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 என்ற குறிப்பு இல்லையென்றால், மாற்றும் மென்பொருள் வேறு குறிமுறையை ஊகித்துக்கொள்ளும். எழுத்துகள் எல்லாம் புரியாத குறிகளாகிவிடும். மொழிக் குறிப்பு விடுபட்டிருந்தால் கோப்பே நிராகரிக்கப்படலாம். இரண்டையும் காலிபர் என்ற மின்னூல் மென்பொருள் தீர்த்துவிடும்: நூலின் மெட்டாடேட்டாவில் (விவரக் குறிப்புகளில்) மொழியைத் தமிழ் என்று வையுங்கள், பிறகு இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றுங்கள். புதிய கோப்பில் குறிமுறை அறிவிப்பு தானாக எழுதப்பட்டிருக்கும். அதை அனுப்புங்கள். இல்லையெனில் ஏஇசட்டபிள்யூ3-ஆக மாற்றி யுஎஸ்பியில் ஏற்றலாம்.

கோபோவும் கூகுள் பிளே புக்ஸும் நடுவில் நிற்கின்றன. பூட்டுள்ள நூலை இறக்கினால் பெரும்பாலும் கிடைப்பது சில கிலோபைட் அளவுள்ள ஏசிஎஸ்எம் கோப்பு. அது நூல் இல்லை, அனுமதிச் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருளில் திறந்தால்தான் உண்மையான இபப் வரும். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதல்முறை திறக்கும்போது 'ஐடி இல்லாமல் அங்கீகரி' என்ற தேர்வைத் தொடவே கூடாது; தொட்டால் நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும், கணினி பழுதானால் நூலும் போச்சு. இன்னொன்று, ஒரு சீட்டை ஒரு அடோபி ஐடியில் (அடோபி கணக்கில்) திறந்துவிட்டால் வேறு ஐடி அதை ஏற்காது. வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே ஐடியை வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியவில்லையென்றால், கோபோ ரீடரின் சேமிப்பகத்தில், வேறு கோப்புறைக்குள் இல்லாமல் முதல் நிலையிலேயே, 'ஃபான்ட்ஸ்' (fonts) என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு கோப்புறை உருவாக்கி நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போடுங்கள்.

குறிப்புகள் விஷயத்தில் கிண்டில் ரீடர் முந்துகிறது. கோடிட்ட வரிகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண உரைக் கோப்பில் சேர்கின்றன, நகலெடுத்துக்கொள்ளலாம். கோபோவில் அவை மறைந்திருக்கும் கோப்புறை ஒன்றின் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் கிடக்கும்.

பிடிஎஃப் எங்கும் திறக்கும், சிறு திரையில் படிக்க முடியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த தமிழ் பிடிஎஃப்பை இபப்பாக மாற்ற முயன்றால் குப்பைதான் வரும். வேறு வடிவமே கிடைக்காத நூலுக்கு மட்டும் பிடிஎஃப் போதும்.

எங்கள் வரிசை இதுதான்: பூட்டில்லாத இபப் முதலில், அடோபி பூட்டுள்ள இபப் அடுத்து, கிண்டிலும் ஆப்பிளும் வேறெங்கும் கிடைக்காத நூலுக்கு. கிண்டில் கடையிலும் பூட்டில்லா நூல்கள் உண்டு. பதிப்பகத்தின் விருப்பப்படி டிஆர்எம் இல்லாமல் விற்கப்படுகிறது என்ற வரி நூலின் விவரணையில் இருக்கும். கோபோவில் பக்கத்தின் அடியில் இறக்கும் வடிவங்களைச் சொல்லும் பகுதியில் 'அடோபி டிஆர்எம்' அல்லது 'டிஆர்எம் இல்லை' என்று போட்டிருக்கும். பணம் கட்டும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.