ஏழு வலசைப் பருவங்களாக ஈ-பேர்டில் பறவை எண்ணிய அனுபவம்

இலையுதிர்கால வலசையின்போது பறவைகளை எண்ணி, பறவை நோக்கர்களின் பதிவுகளைத் திரட்டும் ஈ-பேர்டு இணையதளத்தில் பதிவிடத் தொடங்கி ஏழு பருவங்கள் முடிந்துவிட்டன. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இத்தளம், 2010 முதல் உலகின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பதிவுகளை ஏற்றுக்கொள்கிறது. அதன் கைப்பேசிச் செயலியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எண்ணுவதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆண்டுகள் ஆயின.

முதல் இரண்டு பருவங்களில், கண்ட பறவை ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கைக்குப் பதிலாக 'எக்ஸ்' என்ற குறியை இட்டுவந்தேன். பறவை அங்கே இருந்தது என்பதை மட்டுமே அக்குறி சொல்லும். இரண்டா, இருநூறா என்பதைச் சொல்லாது. வலசைக் காலத்தில் நாம் அறிய விரும்புவதே பறவைகள் எப்போது பெருகின, எப்போது குறைந்தன என்பதைத்தான் என்பதால், அவ்விரு ஆண்டுப் பட்டியல்களைக் கொண்டு என்னால் ஒரு வரைபடம்கூட வரைய முடியவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. தோராயமான எண்ணைக்கூடத் தளம் ஏற்றுக்கொள்கிறது.

பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று செயலி கேட்கும். அவசரத்தில் தட்டிவிட்டுக் கடந்துபோகத் தோன்றும் இக்கேள்விதான், என் கணிப்பில், இத்தளத்தின் உயிர்நாடி. 'ஆம்' என்று நேர்மையாகச் சொல்லப்பட்ட பட்டியலில் தகைவிலான் இல்லையென்றால், அந்த இல்லாமையும் ஒரு தரவாகிறது; தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள், நடந்த தொலைவு ஆகியவையும் சேரும்போதுதான் ஒருவரது பட்டியலை இன்னொருவரது பட்டியலோடு ஒப்பிட முடிகிறது. அரிய பறவைகளை மட்டும் பதிந்து காகத்தையும் சிட்டுக்குருவியையும் விட்டுவிடுபவர், எத்தனை தேர்ந்த பறவை நோக்கராக இருந்தாலும், அக்கேள்விக்கு 'இல்லை' என்றே விடையளிக்க வேண்டும்.

இலையுதிர்காலத்துக்கென்று தனிச் சிரமங்கள் உண்டு. வசந்தத்தில் பாட்டைக் கேட்டே அடையாளம் கண்ட கதிர்க்குருவிகள் இப்போது ஒரு சிறு 'டக்' ஒலியோடு புதருக்குள் மறைந்துவிடுகின்றன. இளம்பறவைகளின் சிறகமைப்போ பெற்றோருடையதைப் போல இருப்பதில்லை. நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களில் பல இனங்களின் முதிர்ந்த பறவைகள் முன்னதாகவும், அவ்வாண்டில் பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்தும் வருகின்றன. உலகெங்கும் ஒரே நாளில் பறவைகளை எண்ணும், 2018-இல் தொடங்கிய அக்டோபர் பெருநாள் கணக்கெடுப்பு உற்சாகம் தருவதுதான். ஆனால் ஒரே நாளில் எண்ணுபவரால் இந்த இரண்டு அலைகளையும் காண இயலாது. ஆகவே வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில், முப்பது நிமிடங்கள் நின்று எண்ணுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். நான்கு மணி நேர நடையை ஒரே பட்டியலில் அடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். எந்தப் பறவை எந்தச் சூழலில் இருந்தது என்பது அதில் கரைந்துபோகிறது.

பெருங்கூட்டங்களை எண்ணுகையில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்திச் செல்வேன். பின்னர் புகைப்படத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிட்டிருப்பேன்.

ஓர் இடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாத இனமோ எண்ணிக்கையோ வந்தால் செயலி விளக்கம் கேட்கும். பிறகு தன்னார்வலர் ஒருவர் அதைப் பரிசீலிப்பார். ஒருமுறை 300 என்பதை 3,000 என்று தட்டிவிட்டு, அந்த எச்சரிக்கையால்தான் தப்பித்தேன். மற்றொரு முறை, வளைமூக்கு உள்ளான் என்று பதிந்த இளம்பறவைக்குச் சான்று கேட்டார்கள். என்னிடம் படமும் இல்லை, நல்ல குறிப்பும் இல்லை. அன்று சற்றுக் கசப்பாகத்தான் இருந்தது. இனம் குறிப்பிடாமல் உள்ளான் என்று மட்டும் பதியவும் தளத்தில் வழியுண்டு என்பதால், பதிவை அவ்வாறு மாற்றினேன்.

ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் வசதி மெர்லின் என்ற பறவை அடையாளச் செயலியில் 2021-இல் வந்தபின் வேலை எளிதாகியிருக்கிறது. எனினும் அது திரையில் காட்டும் பெயரை, நானே கேட்டோ கண்டோ உறுதிசெய்யும்வரை, பட்டியலில் சேர்ப்பதில்லை. குறை என்று பார்த்தால், மூடுபனியையும் காற்றின் திசையையும் பதியத் தனிக் கட்டங்கள் இல்லை. இரவில் வலசை வரும் சிறு பறவைகள் விடியலில் இறங்குமா, கடந்துபோகுமா என்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், ஒவ்வொரு பட்டியலின் குறிப்புப் பகுதியிலும் முதல் வரியாக அவற்றை எழுதிவைக்கிறேன்.